கம்பெனிகளோட வெப்சைட் நிஜமா மாறினது எப்போ? ஃபார்ம் வந்தப்பவா, ஏஜாக்ஸ் வந்தப்பவா?

#1 கீற்று

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா பேசணும்னு வச்சிருந்த விஷயம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வெப்சைட் வரலாறுன்னு யார் எழுதினாலும் ஒரே கதைதான் வருது. முதல்ல எல்லாம் சும்மா படிக்கிற பக்கமா இருந்துச்சு, அப்புறம் 2004 வாக்குல வெப் 2.0ன்னு ஒண்ணு வந்துச்சு, உடனே எல்லாம் இன்டராக்டிவ் ஆயிடுச்சு. ஜனங்க எழுத ஆரம்பிச்சதைப் பத்தின கதைன்னா சரி, ஒத்துக்கலாம். ஆனா கம்பெனிகள் நெட்டை எதுக்குப் பயன்படுத்தினாங்கங்கிற கேள்விக்கு இது பதிலே இல்ல. அந்த மாற்றம் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு, அதுவும் பார்க்க ஒண்ணுமே இல்லாத சாம்பல் கலர் பக்கங்கள்ல.

1993ல அமெரிக்காவுல என்சிஎஸ்ஏ ஆராய்ச்சி மையத்தோட வெப் சர்வர்ல சிஜிஐன்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. அதுவரைக்கும் சர்வருக்கு இருந்த வேலை, கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சிஜிஐ வந்ததும் ஃபைலுக்குப் பதிலா ஒரு புரோகிராமை ஓட்டி அது என்ன எழுதித் தருதோ அதையே பக்கமா அனுப்பலாம்னு ஆச்சு. அதே சமயத்துல ஃபார்மும் வந்துச்சு, ஒரு கட்டத்துல டைப் பண்ணு, பட்டனைத் தட்டு. இது ரெண்டும் சேர்ந்தப்போதான் வெளியில இருக்கிற ஒருத்தரோட கேள்வி கம்பெனிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் வரைக்கும் போக வழி கிடைச்சுது.

1994 நவம்பர்ல ஃபெடெக்ஸ் தன்னோட சைட்ல பார்சல் ட்ராக்கிங் போட்டாங்க. பார்சல் எங்க இருக்குன்னு கம்பெனிக்கு ஏற்கனவே தெரியும், கை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் ஸ்கேன் பண்ணி ஏத்திக்கிட்டுதான் இருந்தாங்க. கஸ்டமர் போன் பண்ணுவார், எடுக்கிறவர் ஸ்கிரீனைப் பார்த்துப் படிச்சுச் சொல்லுவார். வெப்ல அதைப் போட்டதும் நடுவுல படிச்சுச் சொல்ற ஆள் தேவைப்படல. கவுண்டருக்கு வெளியே நின்னவரை உள்ள கூப்பிட்டு கணக்குப் புத்தகத்தைக் கையில கொடுத்த மாதிரி ஆச்சு.

என்னோட வாதம் இவ்வளவுதான்: கம்பெனியோட சொந்த ரெக்கார்டை வெளியாள் நேரா பார்க்கவும் அதுல எழுதவும் முடிஞ்சதுதான் மாற்றம். பக்கம் ஆடுதா, மினுக்குதா, ரீலோட் ஆகாம வருதாங்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம் வந்த வசதி. உங்க கருத்து என்ன?

#2 பழைய நிரலர்

நல்ல இழை, கீற்று. பாதி ஒத்துக்கிறேன், மீதிக்கு ஒரு திருத்தம் உண்டு.

ஃபார்ம் இருந்தாலே உள்ள எழுதறதுன்னு அர்த்தமில்ல. அந்தக் காலத்து ஆர்டர் ஃபார்ம் எப்படி ஓடுச்சுன்னு நான் பக்கத்துல இருந்து பார்த்தவன், சொல்றேன். கஸ்டமர் பேரு, பொருள், எத்தனைன்னு நிரப்பி அனுப்புவார். அது சர்வருக்கு ஒரே நீள வரியா வந்து சேரும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல & குறி, ஸ்பேஸ் இருந்த இடத்துல எல்லாம் + குறி, வேற எழுத்து ஏதாவது இருந்தா சதவீதக் குறி போட்டு ரெண்டு ரெண்டு எழுத்தா. பெர்ல் மொழியில எழுதின ஒரு சின்ன புரோகிராம் அதைத் துண்டு போட்டு, குறிகளை மாத்தி, ஒரு ஈமெயிலா கட்டி அனுப்பிடும். அதோட சர்வர் வேலை முடிஞ்சுது. அந்தப் பக்கம் ஆபீஸ்ல ஒருத்தங்க மெயிலைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, ட்ரேல வைப்பாங்க, இன்னொருத்தங்க அதைப் பார்த்து ஆர்டர் சிஸ்டத்துல மறுபடியும் டைப் பண்ணுவாங்க. ஃபேக்ஸ்ல வந்த ஆர்டரும் இதே ட்ரேலதான் கிடக்கும், ரெண்டுக்கும் நடைமுறையில ஒரு வித்தியாசமும் கிடையாது. கஸ்டமர் மட்டும் தான் ஏதோ கம்ப்யூட்டர்கிட்ட ஆர்டர் கொடுத்ததா நினைச்சுக்கிட்டிருப்பார்.

அந்த ட்ரே எப்போ காலியாச்சோ அப்போதான் மாற்றம்னு சொல்லுவேன். அதுக்கு டேட்டாபேஸ் வேணும், அதை வெப் பக்கத்தோட சேர்க்க சுலபமான வழியும் வேணும். 1995ல ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெப் பக்கம் எழுதற பிஎச்பி மொழியை வெளியில விட்டார், அதே காலத்துல மைஎஸ்கியூஎல்ங்கிற டேட்டாபேஸும் வந்துச்சு, ரெண்டும் காசில்லாமலே கிடைச்சுது. பெரிய கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்க முடியாதவங்களுக்கு இந்த ஜோடிதான் கதவைத் திறந்துவிட்டது. சிஜிஐல இன்னொரு தொல்லையும் இருந்துச்சு, ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வர் புதுசா ஒரு புரோகிராமைக் கிளப்பணும், கொஞ்சம் பேர் ஒரே நேரத்துல வந்தாலே மெஷின் திணற ஆரம்பிச்சிடும். பிஎச்பி சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து ஓட ஆரம்பிச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு.

#3 முகில்

ரெண்டு பேரும் 90களைப் பத்தியே பேசுறீங்க, நான் அதுக்கு அப்புறம் வந்த ஆள்ங்கிறதால இந்தக் கேள்வி. ஒரு பட்டனைத் தட்டினா முழுப் பக்கமும் வெள்ளையாகி மறுபடி மேலேர்ந்து வர்றதை இன்டராக்டிவ்னு எப்படிங்க சொல்றது?

ஏஜாக்ஸ், அதாவது பக்கம் முழுசா ரீலோட் ஆகாமலே பின்னாடி சர்வர்கிட்ட பேசற வழி, வந்த பிறகுதானே வெப் ஒரு வேலை செய்யிற இடமா ஆச்சு. அதுக்கு அடிப்படையான எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட்ங்கிறது 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல வந்துச்சு, மைக்ரோசாஃப்ட்ல அவுட்லுக்கை வெப்ல ஓட வைக்கிற டீமுக்காகப் பொறந்த விஷயம் அது, ஆனா சில வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல. 2004ல ஜிமெயில், 2005 பிப்ரவரியில கூகுள் மேப்ஸ், அதே மாசம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட்ங்கிற டிசைனர் இந்த முறைக்கு ஏஜாக்ஸ்னு பேர் வச்சு எழுதினார். மேப்பைக் கையால பிடிச்சு இழுத்தா பக்கம் ரீலோட் ஆகாமலே கூட வருதுன்னு பார்த்தப்போதான் கம்பெனிகளுக்கு டெஸ்க்டாப் சாஃப்ட்வேரையே பிரவுசர்ல கொடுக்கலாம்னு தைரியம் வந்துச்சு. இன்னைக்கு அக்கவுண்ட்ஸ், சம்பளம், ஸ்டாக், சேல்ஸ் எல்லாமே பிரவுசர் டேப்லதான் நடக்குது. பிசினஸ் நெட்டைப் பயன்படுத்துற விதம் மாறினதுன்னா அதுதான்னு நான் சொல்லுவேன்.

#4 கீற்று

முகில், நீங்க சொன்னது முக்கியமான விஷயம்தான், ஆனா வரிசை இடிக்குதே. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999லயே ஆரம்பிச்சாச்சு, சாஃப்ட்வேரை டிஸ்க்ல விக்காம பிரவுசர் வழியா சந்தாவுக்குக் கொடுக்கிறதுன்னு. அதுக்கும் முன்னாடி 1995ல பால் கிரஹாமும் ராபர்ட் மோரிஸும் வயாவெப் ஆரம்பிச்சாங்க, விக்கிறவர் பிரவுசரைத் திறந்து தன் ஆன்லைன் ஸ்டோரைத் தானே கட்டிக்கலாம், பொருள் சேர்க்கலாம், விலை மாத்தலாம். 1998ல அதை யாஹூ வாங்கி யாஹூ ஸ்டோர்னு பேர் வச்சாங்க. எல்லாம் நீங்க சொன்ன வெள்ளையாகி மறுபடி வர்ற பக்கங்கள்தான். மெதுவா இருந்துச்சு, ஆனா வேலை நடந்துச்சு.

பழைய நிரலர் சொன்ன ட்ரே விஷயத்தை அப்படியே எடுத்துக்கிறேன், என் வாதத்தை விட அது துல்லியமா இருக்கு.

இன்னொரு துண்டு இந்தக் கதையில விட்டுப்போகுது, அதையும் சேர்த்துடறேன். பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற முறையான எச்டிடிபிக்கு ஞாபகம்னு ஒண்ணு கிடையாது. நீங்க ஒரு பக்கம் கேட்டீங்க, சர்வர் கொடுத்துச்சு, அதோட உறவு முடிஞ்சுது, அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்க யாரோ அது யாரோ. டாக்குமெண்ட் படிக்க இது போதும், வியாபாரத்துக்கு எப்படிப் போதும்? ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துட்டு இன்னொண்ணைப் பார்க்கப் போனா முதல்ல எடுத்தது மறந்துபோகும். 1994ல நெட்ஸ்கேப் பிரவுசர் கம்பெனியில இருந்த லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தது நேரா இந்த ஷாப்பிங் கார்ட் பிரச்சினைக்காகத்தான். சர்வர் ஒரு சின்னத் துண்டு எழுத்தை பிரவுசர்கிட்ட கொடுத்து வைக்கும், பிரவுசர் ஒவ்வொரு தடவை வரும்போதும் அதைத் திருப்பிக் காட்டும், "ஓ, அதே ஆள்தான்"னு சர்வர் தெரிஞ்சுக்கும். அவ்வளவு சின்ன விஷயம். ஆனா லாகின், கார்ட், போன தடவை பார்த்தது, உங்களுக்குப் பிடிக்கும்னு காட்டுறது, கடைசியில உங்க பின்னாடியே அலையிற விளம்பரம் வரைக்கும் எல்லாமே அதுமேலதான் கட்டினது.

1995 பிப்ரவரியில எஸ்எஸ்எல் 2.0 வந்துச்சு, கிரெடிட் கார்ட் நம்பரை மறைச்சு அனுப்ப வழி. அதுல ஓட்டைகள் இருந்துச்சு, அடுத்த வருஷமே 3.0 போடவேண்டியதாச்சு. ஆனா அமேசான் 1995 ஜூலையில திறக்கும்போது ஃபார்ம், டேட்டாபேஸ், குக்கீ, மறைகுறியாக்கம் நாலும் ரெடியா இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுந்ததை நினைச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

#5 வரவுசெலவு

நான் டெக்னிக்கல் ஆள் இல்ல, அக்கவுண்ட்ஸ். எங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா இந்த முழுக் கதையும் "யார் டைப் பண்றாங்க"ங்கிற ஒரு கேள்விதான்.

முன்னாடி கஸ்டமரோட பேரு, அட்ரஸ், என்ன வேணும்ங்கிறதை எல்லாம் கம்பெனி ஆள் டைப் பண்ணுவார், சம்பளம் கம்பெனி கொடுக்கும். இப்போ கஸ்டமரே டைப் பண்றார், சம்பளம் யாரும் கொடுக்கிறதில்ல. தன் அட்ரஸைத் தானே போடறதால தப்பும் குறைஞ்சுது. டிக்கெட் புக்கிங், பாங்க் ட்ரான்ஸ்ஃபர், பில் டவுன்லோட், ரிட்டர்ன் ரிக்வெஸ்ட், எதை எடுத்தாலும் இதான். இன்டராக்டிவ் சைட்டுக்கு முதலாளிங்க பணம் போட்டது அழகுக்காக இல்லைங்க, ஒரு ஆர்டரை உள்ள ஏத்த ஆகிற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாமப் போச்சு, அதுக்காகத்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் டெல். 1996 ஜூலையில வெப்ல விக்க ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷ ஆரம்பத்துலயே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வியாபாரம் வெப்லயே நடந்துச்சு. கஸ்டமர் அந்த வெப் பக்கத்துல உட்கார்ந்து மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, மானிட்டர் எதுன்னு மாத்தி மாத்திப் பார்ப்பார், விலை கூடவே மாறும், அவர் முடிவு பண்ணி பணம் கட்டின பிறகுதான் மெஷினைச் சேர்ப்பாங்க. ரெடி பண்ணின சரக்கு கோடவுன்ல தூங்காது. கஸ்டமர்கிட்டேர்ந்து பணம் வந்து, கொஞ்ச நாள் கழிச்சுதான் பார்ட்ஸ் சப்ளையருக்குக் கொடுக்கணும். அதாவது வியாபாரம் பெருக்கப் பெருக்க கையில காசு சேரும், கடன் சேராது. போன்லயே இந்த முறையை முன்னாடி நடத்தினவங்கதான், ஆனா "இதைக் கொஞ்சம் குறைச்சா எவ்வளவு, அதை ஏத்தினா எவ்வளவு"ன்னு ஒருத்தர் அரை மணி நேரம் போன்ல கேட்டா அதுக்கு ஒரு ஆள் உட்காரணுமே. வெப்ல அவர் ராத்திரி முழுக்க மாத்திப் பார்த்தாலும் செலவில்ல. ஒரு வெப் பக்கம் பாலன்ஸ் ஷீட்டையே மாத்தும்னு நான் நம்ப ஆரம்பிச்சது இதைப் படிச்சப்போதான்.

#6 சேவைமேசை

கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன். வரவுசெலவு சொன்னது உண்மை, ஆனா டைப் பண்ற உரிமையைக் கொடுத்தா ஜனங்க ஆர்டர் மட்டும் டைப் பண்ண மாட்டாங்கல்ல, அபிப்பிராயத்தையும் டைப் பண்ணுவாங்க. கம்பெனிகளுக்கு உண்மையிலேயே ஆட்டம் கண்டது அங்கதான்.

ஈபேங்கிற ஏல சைட்டைப் பாருங்க. 1995 செப்டம்பர்ல பியர் ஒமிடியார் ஆரம்பிச்சப்போ அதுக்குப் பேரு ஆக்‌ஷன்வெப். முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர், ஒருத்தர் பணம் அனுப்பணும், இன்னொருத்தர் பொருள் அனுப்பணும், சைட்டுக்காரர் ரெண்டையும் தொடறதே இல்ல. தினமும் சண்டை வரும். 1996லயே ஃபீட்பேக் முறை வந்துச்சு, வாங்கினவர் வித்தவரைப் பத்தியும் வித்தவர் வாங்கினவரைப் பத்தியும் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதலாம். நம்பிக்கைங்கிறதை கம்பெனி விளம்பரம் கொடுத்து உண்டாக்கல, ஜனங்க எழுதினதைச் சேர்த்து வச்சு உண்டாக்கினாங்க. அமேசான்லயும் ஆரம்பக் காலத்துலேர்ந்தே வாங்கினவங்க ரிவ்யூ எழுதலாம், நல்லா இல்லைன்னும் எழுதலாம். தான் விக்கிற பொருளைப் பத்தித் தன் பக்கத்துலயே ஒருத்தர் திட்டி எழுத இடம் கொடுக்கிறதுங்கிறது அதுவரைக்கும் எந்த வியாபாரியும் செய்யாத விஷயம்.

இதோட விளைவை நான் தினமும் பார்க்கிறேன். முன்னாடி ஒரு புகார் கடிதம் வந்தா அது ஃபைலுக்குப் போகும், கம்பெனிக்கும் எழுதினவருக்கும் மட்டும் தெரியும். இப்போ அதே புகார் பொருளுக்குக் கீழேயே தொங்குது, அடுத்து வாங்க வர்றவர் அதைப் படிச்சுட்டுதான் முடிவு பண்றார். நாங்க எழுதற பதிலை எழுதினவரை விட மத்தவங்கதான் அதிகம் படிக்கிறாங்க. அதனால ஒரு நல்லது நடந்துச்சு, மேனேஜ்மெண்ட் சப்போர்ட் டீம் பேச்சைக் கேட்க ஆரம்பிச்சுது. மூணு பேர் ஒரே மூடி உடையுதுன்னு எழுதினா அது டிசைன் டீம் வரைக்கும் போகுது.

கெட்டதும் நடந்துச்சு, பொய் ரிவ்யூ ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. 2024ல அமெரிக்க அரசோட வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி பொய் ரிவ்யூவை வாங்குறது விக்கிறது ரெண்டையுமே தடை பண்ணி விதி கொண்டுவந்தாங்க. முப்பது வருஷம் முன்னாடி இப்படி ஒரு விதிக்கு அர்த்தமே இருந்திருக்காது.

#7 நேர்வழி

எல்லாரும் பாராட்டியே எழுதறீங்க, மறுபக்கத்தையும் யாராவது சொல்லணும்.

இன்டராக்டிவ்ங்கிற பேர்ல நடந்த வீண் எவ்வளவு. பூ டாட் காம் ஞாபகம் இருக்கா? துணி விக்கிற சைட், 1999 நவம்பர்ல திறந்தாங்க, பொருளைச் சுத்திப் பார்க்கலாம், பெரிசாக்கிப் பார்க்கலாம், ஒரு பொம்மை உதவியாளர் வந்து பேசும். அன்னைக்கு பெரும்பாலான ஜனங்க போன் லைன்ல டயல் பண்ணி நெட்டுக்கு வந்தவங்க, பக்கம் திறக்கிறதுக்குள்ள பொறுமை போயிடும். சுமார் 13.5 கோடி டாலர் முதலீடு கரைஞ்சு 2000 மே மாசமே மூடினாங்க. அதுக்கப்புறமும் பாடம் படிக்கல, ஃப்ளாஷ்ங்கிற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல இன்ட்ரோ போட்டு "ஸ்கிப்" பட்டனைத் தேட வச்ச கம்பெனி சைட்டுகள் எத்தனை. அந்த ஃப்ளாஷுக்கே 2020 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, அதுல கட்டின வேலை முழுக்க மண்ணாப் போச்சு.

அதை விட எனக்கு வலிக்கிறது வேற. கஸ்டமர் கையில கொடுத்தோம் கொடுத்தோம்னு சொல்றீங்களே, எதைக் கொடுத்தாங்க? காசு கட்ற வழி ஒரே கிளிக், நிறுத்தற வழி பத்துப் பக்கம் தாண்டி. சந்தா சேர்றதுக்கு வெப், ரத்து பண்ண மட்டும் போன் பண்ணணும், அதுவும் ஆபீஸ் நேரத்துல. போன் நம்பரையே எங்கேயோ அடியில ஒளிச்சு வச்சு, நீங்க கேட்க வந்த கேள்வியைத் தவிர மத்த எல்லா கேள்விக்கும் பதில் இருக்கிற ஒரு பக்கத்துக்கு அனுப்புறது. 2010ல ஹாரி பிரிக்னல்ங்கிற டிசைனர் இந்த மாதிரி வேலைகளுக்கு டார்க் பேட்டர்ன்னு பேர் வச்சார். ஜெர்மனியில 2022 ஜூலையிலேர்ந்து ஆன்லைன்ல சந்தா எடுக்க விடற கம்பெனி ரத்து பண்ற பட்டனையும் அதே சைட்ல கண்ணுக்குத் தெரியிற மாதிரி வைக்கணும்னு சட்டம். ஒரு பட்டன் வைக்க சட்டம் போட வேண்டியிருக்கே, அந்த இடத்துக்கா வந்திருக்கோம்னு கோபமா வருது.

#8 முகில்

நேர்வழி சார், கோபம் நியாயம்தான். ஆனா அந்தப் பத்துப் பக்கம் எப்படி வந்துச்சுன்னும் பார்க்கணும், யாரோ ஒரு கெட்டவர் உட்கார்ந்து யோசிச்சு வச்சதா மட்டும் இருக்காது.

இன்டராக்டிவ் சைட்ல ஒவ்வொரு கிளிக்கும் பதிவாகுது. 2000ல கூகுளோட விளம்பர சேவை ஆட்வேர்ட்ஸ் வந்துச்சு, 2005 நவம்பர்ல கூகுள் அனலிடிக்ஸ் இலவசமா வந்துச்சு, அதுவரைக்கும் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கே கிடைச்ச கணக்கு எல்லாருக்கும் கிடைச்சுது. எத்தனை பேர் வந்தாங்க, எந்தப் பக்கத்துல கழண்டுக்கிட்டாங்க, எல்லாம் தெரியுது. ஷாப்பிங் கார்ட்ல போட்டுட்டு வாங்காமப் போறவங்க, பல ஆய்வுகளைச் சேர்த்து பேமார்ட் நிறுவனம் போட்ட சராசரிப்படி, சுமார் 70 சதவீதம். இதைத் தெரிஞ்சுக்கிட்ட கம்பெனி சும்மா இருக்குமா? ரெண்டு விதமா பக்கம் பண்ணி, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அதுன்னு காட்டி எது அதிகம் விக்குதோ அதை வச்சுக்கும். இப்படியே ஒவ்வொரு வாரமும் பண்ணிக்கிட்டே போனா, நிறுத்தற பட்டனை இன்னும் கொஞ்சம் கீழ தள்ளினா கணக்கு நல்லா வருதுன்னு எண்ணே சொல்லும். யாரும் தப்புன்னு நினைக்காமலே அங்க போய் நிப்பாங்க. அந்தக் கணக்குல கோபமா போனவரோட கோபம் எந்தக் கட்டத்துலயும் வராதே, அதுதான் பிரச்சினை.

#9 கீற்று

இது நல்ல விளக்கம். இதையே திருப்பியும் சொல்லலாம்: கஸ்டமர் கம்பெனி ரெக்கார்டுக்குள்ள வந்தார், அதே வழியில கம்பெனியும் கஸ்டமர் வாழ்க்கைக்குள்ள வந்துச்சு. ஐரோப்பாவுல 2018 மே 25லேர்ந்து ஜிடிபிஆர்ங்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தப்போ, என்னைப் பத்தி என்ன வச்சிருக்கேன்னு கேட்கவும் அழிக்கச் சொல்லவும் ஜனங்களுக்கு இருந்த உரிமை இன்னும் வலுவாச்சு. ரெக்கார்டு யாருடையதுங்கிற சண்டை அது, 1994ல ஆரம்பிச்சதோட தொடர்ச்சி.

#10 பழைய நிரலர்

நடுவுல ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல, டேட்டாபேஸை வெளியில திறந்துவிட்டதுல கம்பெனிக்குள்ள ஒழுங்கு வந்துச்சுங்கிறதை யாருமே சொல்லல.

சைட்ல "3 மீதி இருக்கு"ன்னு காட்டணும்னா நிஜமாவே மூணு இருக்கணும். முன்னாடி ஸ்டாக் புத்தகத்துல ஒரு எண், ராக்ல ஒரு எண், சேல்ஸ்காரர் வாயில ஒரு எண். கஸ்டமர் போன் பண்ணினா "இருங்க பார்த்துச் சொல்றேன்"னு போய் எண்ணிட்டு வரலாம். வெப்ல அந்த அவகாசம் கிடையாது. ரெண்டு பேர் ஒரே நொடியில கடைசிப் பொருளை அழுத்தினா, டேட்டாபேஸ் ஒருத்தரோட வேலை முடியிற வரைக்கும் அந்தப் பொருளோட பதிவைப் பூட்டி வச்சு அடுத்தவருக்கு இல்லைன்னு சொல்லணும், இல்லாட்டி இல்லாத பொருளை வித்துட்டு மன்னிப்பு மெயில் அனுப்பிக்கிட்டிருக்கணும்.

இதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொண்ணு, ரெட்டை ஆர்டர். பணம் கட்ற பட்டனைத் தட்டினார், நெட் மெதுவா இருக்கு, ஒண்ணும் ஆகல, மறுபடி தட்டினார். இல்லாட்டி ஆர்டர் முடிஞ்ச பக்கத்துல ரீஃப்ரெஷ் அழுத்தினார். பிரவுசர் அதே ஃபார்மை அப்படியே இன்னொரு தடவை அனுப்பும், சர்வருக்கு அது புது ஆர்டர். பணம் ரெண்டு தடவை போகும். இதுக்குன்னே ஒரு பழக்கம் உண்டாச்சு, ஆர்டரை எழுதி முடிச்சதும் பதில் பக்கத்தை நேரா காட்டாம வேற முகவரிக்குத் திருப்பி விடறது, அங்க எத்தனை தடவை ரீஃப்ரெஷ் பண்ணினாலும் வெறும் பார்வைதான். இன்னும் பத்திரமா, ஃபார்மைக் காட்டும்போதே அதுக்குள்ள ஒரு தனி அடையாள எண்ணை ஒளிச்சு வச்சு, அதே எண் ரெண்டாவது தடவை வந்தா "இது முன்னாடியே வந்தாச்சு"ன்னு முதல் ஆர்டரையே திருப்பிக் காட்டுறது. கஸ்டமர் கண்ணுல படாத இந்த வேலைங்கதான் ஜனங்க பயமில்லாம பட்டனைத் தட்டக் காரணம். டிசைன் பத்திப் பேசற அளவுக்கு இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, எனக்கு வருத்தம்.

#11 திருகாணி

வணக்கம், இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். எங்களோடது சின்ன உற்பத்தி யூனிட், மெஷின் பார்ட்ஸ் பண்றோம், வாங்குறவங்க எல்லாரும் வேற கம்பெனிகள். சைட் இருக்கு, நாலு போட்டோ, "எங்களைப் பற்றி", ஒரு கான்டாக்ட் ஃபார்ம், அது மெயிலா வரும். பழைய நிரலர் அண்ணன் சொன்ன அதே ட்ரே கதைதான். புதுசா பண்ணலாம்னு பார்க்கிறேன், கேட்ட இடத்துல எல்லாம் சாட் போடலாம், 3டி போடலாம், வீடியோ போடலாம்கிறாங்க. உண்மையில எது உதவும்?

#12 வரவுசெலவு

திருகாணி, முதல்ல ஒண்ணு கேட்கிறேன், உங்களுக்கு வர்ற போன்ல எது அதிகம்? "என் ஆர்டர் எங்க இருக்கு", "பில் காப்பி அனுப்புங்க", இந்த ரெண்டும்தான்னு பந்தயம் கட்டுவேன்.

பெரிய கம்பெனிகள் தங்களுக்குள்ள ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாத்தையும் இடிஐ மூலமா கம்ப்யூட்டர் டு கம்ப்யூட்டர் அனுப்பிக்கிறது வெப் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. அதுக்குத் தனி நெட்வொர்க், தனி செலவு, சின்ன யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாது. பிரவுசர் அந்த வசதியை எல்லார் கைக்கும் கொண்டுவந்துச்சு. அதனால நீங்க முதல்ல பண்ண வேண்டியது ஒரு லாகின், உள்ள போனா அவங்களோட ஆர்டர்கள், ஒவ்வொண்ணும் எந்தக் கட்டத்துல இருக்கு, இன்வாய்ஸ் டவுன்லோட். அடுத்து "போன ஆர்டரையே மறுபடி போடு"ன்னு ஒரு பட்டன். கம்பெனிகள் வாங்குறது பெரும்பாலும் அதே பொருளைத்தானே. 3டியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

#13 சேவைமேசை

வரவுசெலவு சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க திருகாணி, லேட் ஆகும்னு தெரிஞ்சா அதையும் அந்தப் பக்கத்துல போடுங்க. ஜனங்க தாமதத்தை மன்னிப்பாங்க, தெரியாம இருந்ததை மன்னிக்க மாட்டாங்க. நேர்வழி சொன்னதுக்காகவும் சொல்றேன், போன் நம்பரை எல்லாப் பக்கத்துலயும் மேலேயே வையுங்க.

#14 திருகாணி

போன் விஷயத்துல அப்படியே சொல்லிட்டீங்க, பாதி நாள் அதுலயே போகுது. ஆனா ஆர்டர் எந்தக் கட்டத்துல இருக்குன்னு எங்ககிட்டயே ஒரு இடத்துல கிடையாது, ஷாப் ஃப்ளோர்ல ஒரு நோட்டு, ஆபீஸ்ல ஒரு எக்ஸெல்.

#15 பழைய நிரலர்

தம்பி, அப்போ வெப்சைட்டுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணணும். நோட்டையும் எக்ஸெல்லையும் ஒரே டேட்டாபேஸா மாத்துங்க, ஷாப் ஃப்ளோர்ல ஒரு ஸ்டேஜ் முடிஞ்சா அங்கேயே ஒருத்தர் டிக் பண்ணணும். கொஞ்ச நாள் உள்ளுக்குள்ள மட்டும் ஓட்டுங்க. உங்க ஆபீஸ் ஆட்களே நோட்டைப் பார்க்காம ஸ்கிரீனைப் பார்த்துப் பதில் சொல்ற நிலை வந்த பிறகு அதே ஸ்கிரீனை கஸ்டமருக்குத் திறந்துவிடுங்க, அவ்வளவுதான் புது வெப்சைட்.

பண்ணித் தர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க. ஆர்டர் பக்கத்தோட முகவரியில கடைசியில 1041ன்னு இருக்கும், அதை 1042ன்னு மாத்தினா வேற கம்பெனியோட ஆர்டரும் விலையும் தெரியக் கூடாது. லாகின் இருந்தா போதும்னு விட்டுடுவாங்க, உள்ள வந்தவர் அந்த ஆர்டருக்குச் சொந்தக்காரர்தானான்னு ஒவ்வொரு பக்கத்துலயும் சர்வர் பார்க்கணும். டெமோ காட்டும்போது நீங்களே நம்பரை மாத்திப் பாருங்க.

#16 திருகாணி

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்குமே. இந்த நம்பர் மாத்திப் பார்க்கிறதை குறிச்சு வச்சுக்கிட்டேன். நோட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஷாப் ஃப்ளோர்ல இருக்கிறவங்க டிக் பண்ண ஒரு பழைய டேப்லெட் இருந்தா போதுமா, இல்ல கம்ப்யூட்டர் வேணுமா?

#17 பழைய நிரலர்

டேப் போதும். பட்டனை மட்டும் பெருசா வைக்கச் சொல்லுங்க, எண்ணெய்க் கையோட தட்டுவாங்க.